தீக்குப் பிறகு முதலில் எழுவது

தைப்பூசக் காவடிகள் இறங்கி ஓரிரு வாரம் ஆனதும் மலாக்காவின் உட்புறத்தில் வெயிலின் குணம் மாறிவிடும். சாலையோரக் கான்களில் தண்ணீர் வற்றும். பால்மரங்கள் இலை கொட்டும். எங்கிருந்தோ புகை வாடை வரும். அப்படி ஒரு நாளில் ஜாசினிலிருந்து ஆசஹானுக்குப் போகும் வழியில், அரை ஏக்கர் அளவுக்குக் கறுத்துக் கிடந்த ஒரு மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். எரிந்து ஐந்து நாளாகிறது என்றார் பக்கத்து வீட்டு அம்மா. தோட்டத்தில் முப்பது வருடம் புல் வெட்டியவர். சாம்பலில் கால் வைத்தால் கருகிய தாள்கள் செருப்புக்கடியில் நொறுங்கின. அந்தக் கறுப்புக்குள் அதற்குள்ளாகவே பச்சை ஊசிகள் கிளம்பியிருந்தன. நான்கு விரற்கடை உயரம். இலை இன்னும் விரியவில்லை. சுருட்டிய ஓலைபோல் நிமிர்ந்து நின்றது.

மண்வெட்டி இருக்குமா என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? லாலாங்கா? அத வெட்டித் தீர்க்க முடியாது. எங்கம்மா வெட்டுனாங்க, நான் வெட்டுனேன். எரிச்சீங்கன்னா அதுக்கு எருப் போட்ட மாதிரி."

சொல்லிக்கொண்டே எடுத்து வந்து கொடுத்தார். ஒரு சாண் ஆழம் தோண்டினேன். மேலே இருந்த சாம்பல் ஒரு விரல் கனம்கூட இல்லை. அதற்குக் கீழே மண்ணின் நிறமே மாறவில்லை. அந்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக, கரும்பைப் போல் கணு கணுவாக, ஊசிமுனையோடு குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடந்தது லாலாங்கின் கிழங்குத் தண்டு. ஒன்றை ஒடித்தேன். ஈரம் கசிந்தது. ஐந்து நாளுக்கு முன் அதன் தலைக்கு மேல் தீ போயிருக்கிறது. அதற்கு அது தெரிந்ததாகவே இல்லை.

தீ போன பிறகு ஒரு நிலத்தில் எது திரும்பி வரும், எது வராது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. உலகில் தீயையும் தாவரங்களையும் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மலைகளின் பைன் காடுகளில் தொடங்கும். நம் தீபகற்பத்தில் இயற்கையாக வளரும் பைன் கிடையாது. கேமரன் மலையில் நிற்பவை நட்டு வளர்த்தவை. கடற்கரையில் ஊசி ஊசியாக இலை தொங்க நிற்பது சவுக்கு. ஆகவே நமக்குத் தெரிந்த லாலாங்கிலிருந்து தொடங்கி, ஆசஹானுக்குப் பின்னால் நீலமாக நிற்கும் லெடாங் மலை வழியாகப் பைன் காட்டுக்குப் போவோம்.

ஒரு செடிக்குத் தீயைத் தாண்ட நான்கு வழிகள்தான் உண்டு. உயிர்முளையை மண்ணுக்கடியில் வைத்துக்கொள்ளலாம். தடித்த பட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம். விதைக்குள் பூட்டி மண்ணிலோ கிளையிலோ காத்திருக்கலாம். இவை எதுவும் முடியாவிட்டால், தீ படாத பக்கத்துக் காட்டிலிருந்து காற்றோ பறவையோ வௌவாலோ விதை கொண்டுவரும் வரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

லாலாங் முதல் வழியில் தேர்ந்த புல். அதன் உடல் எடையில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறது. புல்வெளித் தீ வேகமாக ஓடும் தீ. தரைக்கு மேலே வெப்பம் பல நூறு டிகிரிக்கு ஏறினாலும் ஓர் இடத்தில் அது நிற்பது நிமிடக் கணக்கில்தான். மண் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மூன்று விரற்கடைக்குக் கீழே போனால் சூடு ஏறியது அரிதாகவே தெரியும். மேலே இருந்த பழைய இலையெல்லாம் போய்விட, வெயில் நேரே தரையில் விழுகிறது. சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் கிடக்கின்றன. போட்டிக்கு வேறு செடி இல்லை. எருப் போட்ட மாதிரி என்று அந்த அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. எரிந்த லாலாங் சில வாரங்களில் கூட்டமாகப் பூக்கவும் செய்யும். வெள்ளைப் பஞ்சுக் கதிர் ஒன்றில் ஆயிரக்கணக்கான விதைகள். அவை காற்றில் பறந்து, அடுத்து எரிந்த வெற்றுத் தரையில் இறங்கும். பச்சையாக நிற்கும்போதே அடியில் காய்ந்த தாள்களைச் சுமந்து நிற்பதால், மழை நின்று சில நாளிலேயே மறுபடி பற்றிக்கொள்ளும். தீ புல்லை வளர்க்கிறது, புல் தீயை வளர்க்கிறது.

இந்தப் புல் மலாக்காவில் இத்தனை இடத்தைப் பிடித்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே காட்டை அழித்து, எரித்து, மரவள்ளி போட்டார்கள். சில அறுவடைகளில் மண் சத்தற்றுப் போகும். விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விட்டுப்போன நிலமெல்லாம் லாலாங் ஆனது. மரவள்ளிப் பயிரில் ஈடுபட்டிருந்த மலாக்காவின் தான் சாய் யான், தாவரவியலாளர் ரிட்லியின் தூண்டுதலால், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் ஆசஹானில் பல மடங்கு பெரிதாக நட்டார். அங்கும் சுற்றியிருந்த மற்றத் தோட்டங்களிலும் கப்பலேறி வந்த நம் மக்கள் செய்த வேலையில் பால் வெட்டுவதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கன்று பால்மரமாக ஆறேழு வருடம் ஆகும். அதுவரை லாலாங்கோடு மல்லுக்கட்டியதும் அவர்கள்தான். கிழங்கில் ஒரு கணு மண்ணில் தங்கினாலும் முளைத்துவிடும் என்பதால் மண்ணைக் கொத்தி, விரலால் துழாவி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவித்து வெயிலில் காயவைத்தார்கள். இலையின் ஓரம் ரம்பம்போல் கையை அறுக்கும். பிறகு சோடியம் ஆர்சனைட் வந்தது. பாஷாணத்தைக் கரைத்துத் தெளிக்கும் வேலை அது. அதைத் தெளித்த கைகளுக்கும் குடித்த மாடுகளுக்கும் என்ன ஆனது என்பது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

ரப்பருக்கும் தீக்கும் ஆகாது. காரணம் பட்டை. மரத்தை உயிரோடு வைத்திருப்பது பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் இருக்கும் மெல்லிய வளர்படலம். அது 60 டிகிரி செல்சியஸ் அளவில் செத்துவிடும். அந்தச் சூடு உள்ளே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பட்டையின் தடிமன் தீர்மானிக்கிறது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் பட்டை ஏறத்தாழ மூன்று நிமிடம் தாங்கினால், இரண்டு சென்டிமீட்டர் பட்டை பன்னிரண்டு நிமிடம் தாங்கும். ஓடும் புல்தீ ஒரு மரத்தடியில் அவ்வளவு நேரம் நிற்காது. அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில்தான் ஒரு மரம் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. பால்மரத்தின் பட்டை மெல்லியது. அதிலும் நாம் நாள்தோறும் அதைச் சீவி எடுக்கிறோம். இலை கொட்டும் காலத்தில் தரையில் சருகு மெத்தைபோல் கிடக்கும்போது தீ புகுந்தால், மரம் அன்றே விழாது. சில வாரம் கழித்து ஒரு பக்கத்துப் பட்டை வெடிக்கும். பால் கசிந்து கறுக்கும். பின்னாலேயே துளைக்கும் வண்டும் பூஞ்சையும் வரும்.

மழைக்காட்டு மரங்களும் இப்படித்தான். மெராந்தி, செங்கால் போன்ற பெருமரங்களுக்கு மெல்லிய பட்டை. விதையோ சில வருடங்களுக்கு ஒருமுறைதான் கூட்டமாக விழும்; விழுந்த சில நாளில் முளைக்காவிட்டால் செத்துவிடும். மண்ணில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. 1982–83 எல் நினோ வறட்சியில் சபாவில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் ஹெக்டர் காடு எரிந்தது. அங்கே முதலில் கிளம்பியவை மண்ணுக்குள் விதையாகக் காத்திருந்த மாஹாங் வகை மரங்கள். அகன்ற இலை, சோடைக் கட்டை, வேகமான வளர்ச்சி. இவற்றின் நிழலில்தான் பெருமரக் கன்றுகள் மெல்ல மெல்லத் திரும்பும். அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டாவது தீ வந்துவிட்டால்? முதல் தீயில் தப்பிய பெரிய மரங்கள் அதில் விழும். மாஹாங் விதை தருவதற்கு முன்பே கருகும். மூன்றாவது தீக்கு எரிய மிஞ்சுவது லாலாங்கும் ரெசாமும்தான். மலைச்சரிவில் சாலை வெட்டிய இடமெல்லாம் கம்பிபோல் பின்னிக் கிடக்குமே, அந்தப் பெரணிதான் ரெசாம்.

இப்போது லெடாங் மலைக்கு ஏறலாம். 1,276 மீட்டர். எல்லைக் கோடு அதை ஜொகூரில் சேர்த்தாலும் மலாக்காக்காரர்களுக்கு அது நம் மலை. ஆசஹானில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தெரியும். 1854இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாக்காவில் தங்கி, ஆயர் பானாஸ் பக்கம் பூச்சிகளும் பறவைகளும் சேகரித்துவிட்டு இந்த மலையில் ஏறினார். அப்போது இதை ஓஃபிர் மலை என்பார்கள். ஏறும் வழியில் 'பாடாங் பத்து' என்ற கல்வெளியைக் கண்டார். சாய்ந்த வெறும் பாறை; அதன் வெடிப்புகளில் மட்டும் செழித்த செடிகள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல், பூச்சிகள் மிதந்த கெண்டிச்செடியின் குவளை நீரைக் குடித்துத் தாகம் தணித்தார்கள். அங்கேதான் மாட்டோனியா, டிப்டெரிஸ் என்ற விசிறிப் பெரணிகளையும், டேக்ரிடியம் என்ற ஊசியிலை மரத்தையும் அவர் குறித்துவைத்தார்.

டேக்ரிடியம் பைனுக்குத் தூரத்து உறவு. கூம்புத் தாவரக் குலம் ஒன்று. வாழ்ந்த வாழ்க்கை வேறு. பைன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தீயோடு பழகியது. டேக்ரிடியத்தின் குடும்பம் ஈரத்திலும் மேகத்திலும் ஏழை மண்ணிலும் பிழைக்கப் பழகியது. தீயைத் தாங்கும் வழியை அது கற்றதில்லை. மெதுவாக வளரும். லெடாங் உச்சியில் மண் என்பது பாறை மேல் படிந்த மக்கிய இலைக் கரிதான். வறட்சியில் அந்தக் கரியே எரியும். எரிந்தால் வேரும் விதையும் மண்ணும் சேர்ந்தே போகும், பாறைதான் மிஞ்சும். மலையேறுபவர்கள் உச்சியில் அடுப்பு மூட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குவது இதனால்தான்.

நமக்கு மிக அருகில் இயற்கையான பைன் காடு இருப்பது மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம். சுமத்ராவின் ஆச்சே, தாப்பானூலி, கெரிஞ்சி மலைகளில் மெர்குசி பைன் வளர்கிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாகப் போன ஒரே பைன் அது. கெரிஞ்சியில் இருப்பவைதான் உலகின் தென்கோடிப் பைன்கள். இதன் கன்றுக்கு நிழல் ஆகாது. விதை முளைக்க வெறும் மண்ணும் முழு வெயிலும் வேண்டும். நிலச்சரிவோ தீயோ இடத்தைத் திறந்துவிட்டால்தான் அகன்ற இலை மரங்களுக்கு நடுவே இதற்கு வாழ்வு. வளர்ந்த மரத்துக்குத் தடித்த பட்டை உண்டு. தரைத்தீ காலடியில் ஓடிப்போனால் கறுத்த அடிமரத்தோடு நின்றுகொள்ளும். கன்றுக்கு அந்தப் பட்டை இல்லை.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. தாய்லாந்து, பர்மா பக்கத்தில் வளரும் இதன் நெருங்கிய இனத்தின் கன்று, முதல் சில வருடம் மரம்போல் வளராமல் புல்கற்றைபோல் தரையோடு உட்கார்ந்திருக்கும். நுனிமொட்டைச் சுற்றி ஊசியிலைகள் போர்த்தியிருக்கும். அடியில் வேரைத் தடிக்கவைத்துக்கொண்டே இருந்து, போதுமான பலம் சேர்ந்ததும் விருட்டென்று உயர்ந்து, தீயின் எட்டுதூரத்தைத் தாண்டிவிடும். ஆண்டுதோறும் தீ வரும் நாட்டில் அது கற்றுக்கொண்ட வித்தை. சுமத்ராவின் மரத்துக்கு இந்தப் புல் பருவம் கிடையாது. ஆகவே தீ எப்போதாவது வந்தால் சுமத்ரா பைன் காடு பெருகும். அடிக்கடி வந்தால் கன்றெல்லாம் செத்து, கிழட்டு மரங்கள் மட்டும் நின்று, அவையும் விழுந்தபின் புல்வெளி ஆகும்.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலும் இதே கணக்குதான். 1988 கோடையில் அந்தப் பூங்காவின் 36 விழுக்காடு தீக்குள் வந்தது. காடு அழிந்தது என்று உலகமே நினைத்தது. அங்குள்ள லாட்ஜ்போல் பைனில் பல மரங்கள் தம் கூம்புகளைப் பிசினால் ஒட்டிப் பூட்டி, வருடக்கணக்காகக் கிளையிலேயே வைத்திருப்பவை. தீயில் மரம் செத்தது. பிசின் உருகிக் கூம்பு திறந்தது. குளிர்ந்த சாம்பல்மேல் விதை கொட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் கால் வைக்க இடமின்றிக் கன்று எழுந்தது. ஆனால் 2016இல், முப்பது வயதுகூட ஆகாத அந்தக் காட்டின் சில பகுதிகளுக்குள் மறுபடி தீ புகுந்தது. இளமரங்களில் கூம்புச் சேமிப்பு போதவில்லை. இந்த முறை எழுந்த கன்றுகள் மிகக் குறைவு. பூட்டிய விதை என்ற பெரிய ஆயுதத்தை வைத்திருந்தும், இரண்டு தீக்கு நடுவே போதிய காலம் கிடைக்காததால் அந்தக் காடு தோற்றது.

நீரிணைக்கு அப்பால் எரிவது பைன் காடு மட்டுமென்றால் நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். ரியாவ் கரையில் எரிவது கரிச்சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மக்காமல் சேர்ந்த இலையும் கட்டையும். கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் அது காய்ந்து, மண்ணே விறகாகிறது. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவார், லெடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மலாக்காவில் நாங்கள் கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தத் தீ லாலாங் தீயின் நேர் எதிர். சுவாலையின்றி, மெதுவாக, மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகைந்து, வேரை அடியிலிருந்து தின்னும். மேலே பச்சையாக நிற்கும் மரம் திடீரென்று சாயும். மண்ணுக்கடியில் உயிர்முளை வைத்திருந்த செடிக்கும் தப்ப வழியில்லை. பிறகு அந்த இடத்தில் பெரணியும் கோரையும் வரும். சில கரைகளில் கெலாம் வரும். காகிதம்போல் அடுக்கடுக்காய் உரியும் அதன் பட்டை தீயைத் தாங்கும். வெப்பத்தில் அதன் காய்கள் திறந்து பொடி விதையைக் கொட்டும். ஒரே கெலாம் மரமாக நிற்கும் சதுப்பைப் பார்த்தால், அங்கே ஒருகாலத்தில் தீ போயிருக்க வாய்ப்புண்டு.

மலாக்காவுக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மரத்தை விட்டுவிடக் கூடாது. மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா சாய்ந்து நின்றார் என்ற அந்த மரம் நம் நெல்லி. தீயைத் தாங்குவதில் பேர்பெற்ற மரம் அது. இந்தியா, தாய்லாந்தின் வறண்ட காடுகளில், தீக்குப் பின் முதலில் துளிர்ப்பவற்றில் நெல்லியும் ஒன்று. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைகளில் நெல்லிக்காய் பொறுக்கி வாழும் சோலிகர்கள், கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறுதீ வைக்கும் வழக்கம் உடையவர்கள். 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனபின் அது தடைசெய்யப்பட்டது. பின்னர் உண்ணிச்செடிப் புதர் காட்டை மூடியது. தங்கள் சிறுதீ நின்றதும் ஒரு காரணம் என்கிறார்கள் சோலிகர்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். வறண்ட காட்டில் அவர்கள் செய்தது அறிவு. அதே தீக்குச்சியை லெடாங் அடிவாரத்தில் கிழித்தால் அது அழிவு. எல்லாத் தீயையும் ஒரே கண்ணால் பார்க்கும் சட்டங்கள்மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

அந்தக் கறுத்த மேட்டுக்கே திரும்புவோம். சாலைக்கு எதிர்ப்பக்கம் வளர்ந்த செம்பனைக் காடு. அதன் நிழலுக்குள் நடந்து பார்த்தேன். ஒரு லாலாங் தாள்கூட இல்லை. கான் ஓரத்தில், மின்கம்பி போகும் வெட்டவெளியில், வெயில் விழும் கோட்டோடு அது நின்றுவிட்டது. மண்வெட்டியாலும் பாஷாணத்தாலும் தீயாலும் முடியாததை நிழல் செய்திருந்தது. இதை அறிந்துதான் தோட்டங்களில் கன்று நட்டதும் பியூரேரியா, கலோபோகோனியம் போன்ற மூடுகொடிகளை விதைக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலும், கோயில் நிலத்திலும், பள்ளித் திடலின் ஓரத்திலும் லாலாங் நின்றால் தயவுசெய்து தீ வைக்காதீர்கள். பிலிப்பீன்ஸ் கிராமங்களில் ஒரு முறை இருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த புல்லுக்கு அது நன்றாகப் பலிக்கும். ஓர் ஆள் அகலப் பலகை. அதன் இரு முனையிலும் கட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பலகையைப் புல்மேல் வைத்துக் காலால் மிதித்துச் சாய்த்தபடி முன்னேறுவார்கள். வெட்டினால் உடனே தளிர்க்கும் புல், சாய்த்தால் தளிர்க்கத் தாமதிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து அடியில் இருப்பதை மூடும். படுத்த புல் நின்ற புல்லைப்போல் கொழுந்துவிட்டு எரியாது. மிதிக்கும் முன் உள்ளே தேடினால் மாஹாங், லெபான், செண்டுடோக் என்று தானே முளைத்த கன்றுகள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். நிழல் விழும்வரை ஆண்டுக்குச் சில தடவை மிதித்துவிட்டால் போதும். நெல்லிக் கன்று கிடைத்தால் அதையும் நடுவில் வையுங்கள்.